பழைய ஹை-ஃபை ஒலிபெருக்கிகளைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஒரு ஜோடி ஒலிபெருக்கி கைக்கு வந்தவுடன், அதைப் பிரித்து, உள்ளே பழையதாகத் தெரிவதையெல்லாம் மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் பலருக்கும் ஏற்படுகிறது. நான் பார்த்தவரையில் காலத்தால் கெட்ட பெட்டிகளை மீட்டுவிட முடிகிறது; இந்த அவசரத்தால் கெட்டவற்றை மீட்பதுதான் கடினம். தாழ்ந்த ஒலி தரும் வூஃபர், மேல் ஒலி தரும் ட்வீட்டர், ஒலியைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அனுப்பும் க்ராஸ்ஓவர் சுற்று, பெட்டி, அதற்குள் அடைத்திருக்கும் இழை ஆகியவை ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்படி கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து உயர்ந்ததாக மாற்றும்போது அந்தக் கணக்கே பிழையாகிவிடுகிறது.

ஏஆர்-3ஏ என்ற ஒலிபெருக்கியை வைத்தே பெரும்பாலான தவறுகளை விளக்கிவிடலாம். அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1967இல் வெளியிட்டது அது. 12 அங்குல வூஃபர், நடு ஒலிகளுக்கான ஒன்றரை அங்குல டோம் (குவிமாட வடிவ) மிட்ரேஞ்ச், முக்கால் அங்குல டோம் ட்வீட்டர் என மூன்று அலகுகள் கொண்டது. 575 ஹெர்ட்ஸிலும் 5000 ஹெர்ட்ஸிலும் ஒலியைப் பிரித்துக் கொடுப்பது. அந்த நிறுவனத்தை எட்கர் வில்ச்சர் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து 1954இல் தொடங்கியபோது அவர் முன்வைத்த கருத்து எளிமையானது. அதிர்ந்து ஒலி எழுப்பும் கோனைப் பிடித்திருக்கும் வெளி விளிம்பையும் பின்னாலுள்ள ஸ்பைடர் என்ற நெளிவுத் தகட்டையும் மிகத் தளர்வாக விட்டுவிட்டு, காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்துவது என்பதுதான் அது. இந்த ஒரு கருத்தைப் புரிந்துகொண்டவர் பின்வரும் தவறுகளில் பாதியைச் செய்ய மாட்டார்.

சோதிக்காமல் பாகம் வாங்குவது

ஏஆர்-3ஏ பெட்டியின் பின்புறத்தில் மிட்ரேஞ்சுக்கு ஒன்றும் ட்வீட்டருக்கு ஒன்றுமாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு திருகுகள் உண்டு. அவற்றின் உட்தொடர்பு காலப்போக்கில் களிம்பேறி, மின்சாரத்தையே தடுத்துவிடும். அப்போது மேல் ஒலிகள் அறவே கேட்காமல் போகவே, ட்வீட்டர் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டி, கிடைப்பதற்கரிய அசல் ட்வீட்டரைக் கழற்றி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். இணைப்புக் கம்பியை விடுவித்து, மல்ட்டிமீட்டரை நேராக அலகின் முனைகளில் வைத்துப் பாருங்கள். சில ஓம் தடை காட்டினால் அதை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் அறுந்துபோகவில்லை என்று பொருள். குறையை வேறிடத்தில் தேட வேண்டும். திருகின் இடுக்கில் சுத்தப்படுத்தும் ஸ்ப்ரேயை அடித்தால் சில வாரங்களுக்குச் சரியாக இருக்கும், பிறகு மீண்டும் அதே நிலைதான். திருகைக் கழற்றிப் பிரித்து, களிம்பைத் தேய்த்து நீக்கி, தொடர்புகளுக்கான மசகைத் தடவி மூடுவதே நிலைக்கும் வேலை. அது தேய்ந்து போயிருந்தால் மட்டுமே மாற்றை நாட வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் 8 ஓம் எல்-பேடை (ஒலியளவைக் குறைக்கும் வேறு வகைத் திருகு) அப்படியே பொருத்துவதும் பிழைதான். அசல் திருகின் மொத்தத் தடை ஏறத்தாழ அதைப் போல் இரு மடங்கு என்பதால், க்ராஸ்ஓவர் காணும் சுமை மாறி மிட்ரேஞ்சின் அளவும் மாறிவிடும்.

விளிம்பு மாற்றுவதில் நேரும் தவறுகள்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த பல வூஃபர்களின் விளிம்பு பாலியூரித்தேன் ஃபோமால் ஆனது. ஈரப்பதமும் வெப்பமும் அதைச் சிதைத்துவிடும் என்பதால், சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வைத்திருந்த பெட்டிகளில் விரல் பட்டாலே பொடியாக உதிர்வதையோ பிசுபிசுவென்று ஒட்டுவதையோ காணலாம். வூஃபரின் மற்ற பாகங்கள் நன்றாக இருக்கும் நிலையில் விளிம்பை மட்டும் மாற்றினால் போதும். முழு வூஃபரையும் மாற்றுவது தேவையற்றது.

ஆனால் 12 அங்குலம் என்று எழுதியிருக்கும் விளிம்பெல்லாம் எல்லா 12 அங்குல வூஃபருக்கும் பொருந்தாது. கோனில் ஒட்டும் உள்விட்டம், வளைவின் அகலம், சட்டத்தில் அமரும் வெளிவிட்டம், உள் உதடு தட்டையானதா சாய்ந்ததா என்பவற்றை அளந்த பிறகே வாங்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது அதன் தளர்ச்சி. நீடித்து உழைக்கும் என்று நம்பித் தடித்த ரப்பர் விளிம்பை ஒட்டினால், அடைபட்ட காற்று செய்ய வேண்டிய வேலையில் விளிம்பு குறுக்கிட்டு, வூஃபரின் ஒத்ததிர்வு (அது இயல்பாகவே மிகுதியாக அதிரும் அலைவெண்) மேலே ஏறி, அந்த ஒலிபெருக்கிக்குப் பெயர் வாங்கித் தந்த ஆழ்ந்த பேஸ் குறைந்துவிடும்.

இதைவிட வருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு. ஏஆர்-3ஏயின் முதல் ஆண்டுகளில் வந்த வூஃபர்களுக்கு ஃபோம் விளிம்பே கிடையாது. துணியில் ரப்பர்க் கலவை பூசிய விளிம்புதான். துணி அழுகுவதில்லை. அதன்மேல் உள்ள பூச்சு வறண்டு காற்று கசியத் தொடங்கும், அவ்வளவே. பொருத்தமான, கெட்டியாகாத பூச்சை மெல்லிய ஓரடுக்கு தடவினால் தீரும் குறைக்காக அந்தத் துணியைக் கிழித்துவிட்டு ஃபோம் ஒட்டுபவர்கள், கெடாத ஒன்றை அகற்றிக் கெடக்கூடிய ஒன்றை வைக்கிறார்கள்.

ஒட்டும்போது பொறுமை வேண்டும். பழைய பசையின் மேலேயே புதிய விளிம்பை ஒட்டினால் அது சில மாதங்களில் பிரிந்துவரும். பழையதைக் கரைக்க எடுக்கும் திரவத்தையும் கோனின் பொருளைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். காகிதக் கோன் ஓரளவு தாங்கும். கேஇஎஃப் நிறுவனத்தின் பி110, பி200 வூஃபர்கள் போன்றவற்றின் பெக்ஸ்ட்ரீன் கோன், பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக் என்பதால், அசிட்டோன் பட்ட இடத்தில் கரைந்து உருக்குலைந்துவிடும். வாய்ஸ் காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. ஆகவே விளிம்பின் வெளிப்புறத்தை ஒட்டுமுன் காயிலை நடுவில் நிறுத்தியாக வேண்டும். கோனின் நடுவிலுள்ள டஸ்ட் கேப் என்ற மூடியை அகற்றிக் காயிலைச் சுற்றி மெல்லிய பட்டைகளைச் செருகுவது உறுதியான வழி. 30 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியை மெதுவாகச் செலுத்தி, உரசல் கேட்காத நிலையில் ஒட்டுவது எளிய வழி. கண்ணளவை நம்பி ஒட்டுவதுதான் பலரும் செய்வது. ஒட்டி முடித்த பிறகு கோனை இரு கைவிரல்களாலும் சமமாக அழுத்தும்போது சரசரவென்று கேட்டால், வேலையைத் திரும்பத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

க்ராஸ்ஓவரும் கெபாசிட்டரும்

எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் முதுமையடையும் என்பது உண்மை. அதற்காக ஒவ்வொன்றையும் அளக்காமலே மாற்றுவது சரியல்ல. கெபாசிட்டரின் ஒரு காலை மட்டும் சால்டரிலிருந்து விடுவித்து, கெபாசிட்டரை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் அதன் அளவையும் உள்தடையையும் பாருங்கள். சுற்றில் இருக்கும்போதே அளந்தால் க்ராஸ்ஓவரின் காயில்களும் (கம்பிச் சுருள்களும்) அலகுகளும் சேர்ந்து பொய்யான எண்ணைக் காட்டும். ஏஆர்-3ஏயில் ட்வீட்டருக்கு 6, மிட்ரேஞ்சுக்கு 50, வூஃபர் பகுதியில் 150 மைக்ரோஃபாரட் என மூன்று உள்ளன. 6 மைக்ரோஃபாரடுக்குப் பிளாஸ்டிக் படலத்தாலான ஃபிலிம் வகை போடுவதில் நியாயம் உண்டு. 150 மைக்ரோஃபாரடுக்குக் கூட்டல் கழித்தல் குறியற்ற புதிய நான்-போலார் எலக்ட்ரோலிட்டிக்கே போதும் என்பது என் கருத்து. அந்த இடத்தில் ஃபிலிம் வகைக்குச் செலவிடும் பெரும் தொகைக்குத் தக்க பயனை நான் கேட்டதில்லை. ஃபிலிம் வகையின் உள்தடை மிகக் குறைவு என்பதால், அலகுக்குத் தொடராக வரும் இடத்தில் அதைப் போட்டால் அந்த அலகு சற்று ஓங்கி ஒலிக்கக்கூடும். பழையதன் தடைக்கு ஈடாக ஒரு சிறு ரெசிஸ்டரைச் சேர்ப்பது அதற்கு மருந்து.

ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளையில் பயன்படும், கூட்டல் கழித்தல் குறியிட்ட போலார் கெபாசிட்டரை க்ராஸ்ஓவரில் வைப்பது பெருந்தவறு, ஏனெனில் அங்கே ஓடுவது திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம். க்ராஸ்ஓவரில் தடித்த கம்பியாலான புதிய காயிலைப் பொருத்துவோரும் இதே போன்ற பிழையைத்தான் செய்கிறார்கள். பழைய காயிலின் தடையும் வடிவமைப்பாளர் கணக்கில் கொண்டதே.

மேம்பாடு என்ற பெயரில்

புதிய ட்வீட்டர் ஒன்றைப் பழைய துளையில் பொருத்துவது எல்லோருக்கும் பிடித்த மேம்பாடு. ஆனால் அதன் உணர்திறன், மின்தடை, ஒலி பரவும் விதம் எதுவும் பழைய க்ராஸ்ஓவரை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக எழுபதுகளில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சிறு ஒலிபெருக்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் க்ராஸ்ஓவரில் பல முனைகள் கொண்ட ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மரே இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் டி27 ட்வீட்டரின் அளவை பி110 வூஃபருக்கு ஒப்பாகச் சரிசெய்வதற்காக அதை வைத்தார்கள். அவ்வளவு நுட்பமாக இணைத்த ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றுவதால் எஞ்சுவது பெயர்ப்பலகை மட்டுமே. அதே பெட்டியின் மெல்லிய பிர்ச் பலகைச் சுவர்களை உள்ளே கட்டைகள் வைத்து வலுப்படுத்துகிறவர்களும் உண்டு. மெல்லிய சுவரை அதிர்வு உறிஞ்சும் அட்டையால் அடக்குவது பிபிசி பொறியாளர்கள் வேண்டுமென்றே தேர்ந்த வழி. கட்டை வைத்தால் அதிர்வு, காது எளிதில் கண்டுபிடிக்கும் மேல் ஒலிகளுக்கு நகர்ந்துவிடும். ட்வீட்டரைச் சுற்றியிருக்கும் தடித்த கம்பளிப் பட்டையும் அழகுக்காக வைத்ததல்ல. உதிர்ந்திருந்தால் அதே தடிமனில் புதிதாக வைக்க வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடி இழையைத் தலையணைப் பஞ்சால் மாற்றுவதும், இன்னும் கொஞ்சம் சேர்த்து அடைப்பதும் பேஸின் இயல்பை மாற்றும். முகமூடியும் கையுறையும் அணிந்து, இழையை எடுத்த முறையிலேயே திரும்ப வையுங்கள். வூஃபரைத் திரும்பப் பொருத்தும்போது சிலிகான் பசையால் அடைக்காதீர்கள். அதன் பல வகைகள் உலரும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும், அடுத்த முறை வூஃபரைக் கழற்றவும் விடாது. கெட்டியாகாத அடைப்புமண்ணோ ஃபோம் நாடாவோ போதும்.

ஜேபிஎல் நிறுவனத்தின் பழைய அலகுகள் பலவற்றில் சிவப்பு முனைக்குக் கூட்டல் மின்சாரம் கொடுத்தால் கோன் உள்ளே போகும். இணைப்புத் தவறு என்று எண்ணி ஒன்றை மட்டும் மாற்றித் திருப்பினால் இரு பெட்டிகளும் ஒன்றையொன்று எதிர்த்து ஒலிக்கும். அல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தம் கொண்ட அலகுகளைத் தூசி துடைப்பதற்காகக் காந்தப் பகுதி வரை பிரிக்கவே கூடாது. காந்தச் சுற்று திறந்தவுடன் காந்தம் தன் வலிமையில் ஒரு பங்கை இழந்துவிடும். க்வாட் நிறுவனத்தின் 1957ஆம் ஆண்டு எலக்ட்ரோஸ்டாட்டிக் ஒலிபெருக்கியோ, காந்தமின்றி உயர் மின்னழுத்தத்தால் இயங்கும் வேறு வகை. அதன் பேஸ் தகடுகளில் ஏறத்தாழ 6000 வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கும். பழக்கமில்லாதவர் அதைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

மரப்பெட்டியைப் பளபளப்பாக்க எமரித் தாளோடு உட்கார்ந்துவிடுவதும் ஒரு தவறு. வால்நட், தேக்கு வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள்) ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. மூலைகளில் நாலு இழுப்பிலேயே அடியிலுள்ள பலகை தெரிந்துவிடும். மிக நுண்ணிய எஃகுக் கம்பளியும் எண்ணெயும் கொண்டு, மரத்தின் இழையோட்டத்தின் போக்கிலேயே மெதுவாகத் தேய்த்தால் பழைய நிறம் எழும்பி வரும். திருகுகளை முடுக்கும்போது ஒரு கையால் ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலிய காந்தம் அதை இழுத்துக் கோனில் துளையிட்டுவிடும்.

வேலை முடிந்ததும் முழு ஒலியில் வைத்துக் கேட்கத் தோன்றும். ஏஆர்-3ஏ 4 ஓம் சுமை. திறன் குறைந்த ஆம்ப்ளிஃபயரை அதில் எல்லைவரை முடுக்கினால், ஒலி உடையும்போது முதலில் எரிவது ட்வீட்டர்தான். தாழ்ந்த ஒலியில் தொடங்குங்கள். வூஃபரை மெதுவாக உள்ளே அழுத்திச் சற்றுப் பிடித்திருந்து விடுங்கள்; அது சோம்பலாகத் திரும்பி வந்தால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது, சட்டென்று துள்ளினால் எங்கோ கசிகிறது. பிறகு மோனோவில் மனிதக் குரல் ஒன்றை இரு பெட்டிகளிலும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, இரண்டும் ஒரே குரலாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள். வேறுபட்டால், கடைசியாக மாற்றிய பாகத்தை எடுத்துவிட்டுப் பழையதை வைத்துச் சோதிக்கலாம். அதற்காகவே, கழற்றிய ஒவ்வொன்றையும் எந்தப் பெட்டியில் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி ஒட்டி, ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்க வேண்டும்.