நேரடி போக்கரில் எதிராளியைக் கவனிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஆகஸ்டில் வந்த இணையவழி விளையாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, பணம் வைத்து ஆடும் போக்கரை இந்தியத் தளங்கள் நிறுத்திவிட்டன. திரையில் பழகியவர் இனி ஆட வேண்டுமானால், கோவாவின் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல் போன்ற இடத்தில், சட்டம் அனுமதிக்கும் ஒரு டேபிளில் போய் உட்கார வேண்டும். அங்கே அவருக்கு முதலில் இல்லாமல் போவது பதிவேடு. திரையில் ஆடிய ஒவ்வொரு ஹேண்டும் (சீட்டுப் போடுவதிலிருந்து பணம் ஒருவரிடம் போய்ச் சேரும் வரையான ஓர் ஆட்டம்) தானாகவே சேர்ந்துவிடும். யார் எத்தனை முறை பணம் போட்டு உள்ளே வந்தார், எத்தனை முறை ரெய்ஸ் செய்தார் (பந்தயத்தை உயர்த்தினார்) என்று பிறகு எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். டேபிளில் அந்த வேலை முழுக்கக் கண்ணுக்கும் நினைவுக்கும் வந்து சேர்கிறது.

அந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆளைப் பற்றிக் குறித்துக்கொள்கிறார்கள், அவர் செய்ததைக் குறிப்பதில்லை. "முரட்டு ஆட்டக்காரர்", "பயந்தாங்கொள்ளி", "ப்ளஃப் மன்னன்" (ப்ளஃப் என்றால் மோசமான சீட்டோடு நல்ல சீட்டு இருப்பதுபோல் பணம் வைப்பது) என்று எழுதி வைத்தால் அடுத்த ஹேண்டில் அது எதற்கும் உதவாது. கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கத்தில் முளைப்பவைதான். எல்லாமே டெக்சஸ் ஹோல்டெம், ஒன்பது பேர் உட்காரும் டேபிள் என்ற கணக்கில் சொல்கிறேன். அதில் ஆளுக்கு இரண்டு மறைவுச் சீட்டு; நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்) திறக்கப்படும்; ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் நடக்கும்.

முதல் சுற்றிலேயே முத்திரை குத்துவது

நேரடி டேபிளில் மணிக்கு 25 முதல் 30 ஹேண்ட்தான் நடக்கும். டீலர் சீட்டைக் கலைத்துப் போட வேண்டும், சிப்ஸை (பணத்துக்குப் பதிலான வில்லைகளை) எண்ண வேண்டும், யோசிக்கிறவர் யோசிக்க வேண்டும். பட்டன் (கடைசியாக ஆடுபவரைக் காட்டி, ஹேண்டுக்கு ஓர் இடம் நகரும் அடையாள வட்டு) ஒரு சுற்று வந்து முடிய ஏறத்தாழ 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தில் ஒருவர் நான்கு ஹேண்ட் ஆடிவிட்டால், "இவர் எதையும் விடமாட்டார்" என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்களைத் தவிர மற்ற எட்டுப் பேருமே நூற்றுக்கு இருபது ஹேண்ட் மட்டும் ஆடும் கட்டுப்பாடானவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு நல்ல சீட்டாக வந்து, முதல் ஒன்பது ஹேண்டில் நான்கோ அதற்கு மேலோ ஆடிவிடும் வாய்ப்பு சுமார் 12-ல் 1. எட்டுப் பேரில் யாராவது ஒருவருக்காவது அப்படி அமையும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். எட்டுப் பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருந்தாலும், இரண்டு டேபிளில் ஒன்றில் உங்களுக்கு ஒரு "முரடர்" தென்பட்டுவிடுவார். அவருக்கு எதிராக அரைகுறைச் சீட்டோடு கால் செய்துகொண்டே (அவர் வைத்த தொகைக்குச் சமமாகப் பணம் போட்டுக்கொண்டே) போனால் காசு போகும்.

ஒரு மணி நேரம் பார்த்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. நூற்றுக்கு 25 ஹேண்ட் ஆடும் ஒருவர், 30 ஹேண்டில் மூன்றும் ஆடியிருக்கலாம், பன்னிரண்டும் ஆடியிருக்கலாம்; இரண்டும் சாதாரண ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும். ஆகவே "எத்தனை தடவை" என்ற கேள்விக்கு ஒரு மாலையில் கிடைக்கும் பதிலை மிகவும் தளர்வாகவே பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் டேபிளில் கவனிப்பதே வீணா என்று கேட்டால், இல்லை. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும் செய்திகள் ஒரு வகை. ஒரே ஒரு முறை கண்ணில் பட்டாலே நிரூபணமாகும் செய்திகள் இன்னொரு வகை. முதலில் ஆட வேண்டிய இடத்திலிருந்து ஒருவர் லிம்ப் செய்தார் (உயர்த்தாமல் குறைந்தபட்சத் தொகை மட்டும் போட்டு உள்ளே வந்தார்), பின்னால் வந்த ரெய்ஸுக்கும் கால் செய்தார், ஷோடவுனில் (முடிவில் சீட்டைத் திறந்து காட்டும் கட்டத்தில்) ஜாக்-4 ஹார்ட்ஸைத் திருப்பிக் காட்டினார் என்று வையுங்கள். கட்டுப்பாடான ஆட்டக்காரர் எவர் கையிலும் அந்தச் சீட்டு அந்த இடத்தில் அத்தனை தூரம் வராது. அவர் எத்தனை சதவீதம் ஆடுகிறார் என்று இன்னும் தெரியாது. ஆனால் ஒரே சூட் (ஒரே சின்னம்) என்றால் எதையும் தூக்கிக்கொண்டு வருவார் என்பது தெரிந்துவிட்டது. அதுபோலவே ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு வெறும் லிம்ப் செய்தவரை ஒரு தடவை பார்த்துவிட்டால், அவருடைய லிம்ப்பைப் பலவீனம் என்று இனி எடுத்துக்கொள்ள முடியாது. ஏஸ் ஜோடி ஒருவருக்கு 221 ஹேண்டுக்கு ஒரு முறைதான் வரும். நேரடி ஆட்டத்தில் அது ஏழெட்டு மணி நேரத்துக்கு ஒன்று. அதை அவர் எப்படி ஆடினார் என்று பார்க்கக் கிடைப்பது அரிய வாய்ப்பு. என்னைக் கேட்டால், நேரடி ஆட்டத்தில் குறிப்பெடுக்கும் கலையே இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்ப்பதுதான்.

ஃபோல்ட் செய்ததும் போனை எடுப்பது

நிதானமாக ஆடுகிறவர் ஐந்தில் நான்கு ஹேண்டை ஃப்ளாப்புக்கு முன்பே ஃபோல்ட் செய்துவிடுவார், அதாவது சீட்டைக் கொடுத்துவிட்டு விலகிவிடுவார். அந்த நேரம்தான் அவருக்குக் கிடைக்கும் முழு அவகாசம்: அவர் பணம் பாட்-இல் (எல்லோரும் வைத்த பணம் சேரும் குவியலில்) இல்லை, பதற்றம் இல்லை, பார்ப்பதற்கு எட்டுப் பேர் இருக்கிறார்கள். அதைப் போனில் தொலைத்துவிட்டு, தான் ஹேண்டில் இருக்கும்போது மட்டும் எதிராளியை உற்றுப் பார்க்கிறவர்கள் ஏராளம். அந்த நேரத்தில் கண்ணை விட ஆசையும் பயமும்தான் அதிகம் பார்க்கின்றன.

எட்டுப் பேரையும் ஒரே மூச்சில் கவனிக்கப் போவதும் பலிக்காது. இரண்டு பேரில் தொடங்குங்கள். ஒருவர், உங்கள் இடது கைப்பக்கம் அடுத்த இருக்கையில் இருப்பவர். பெரும்பாலான ஹேண்டில் அவர் உங்களுக்குப் பின்னால் ஆடுவதால் உங்களுக்கு அதிகத் தொல்லை தரக்கூடியவர் அவரே. இன்னொருவர், டேபிளில் அதிகம் உள்ளே வருபவர். நீங்கள் அடிக்கடி மோதப் போவது அவரோடுதான். இந்த இருவரும் பிடிபட்ட பிறகு மூன்றாமவரிடம் போகலாம்.

சீட்டை மட்டும் பார்த்துவிட்டு வழியை மறப்பது

ஷோடவுனில் சீட்டு திரும்பியதும் எல்லோர் கண்ணும் யார் ஜெயித்தது என்பதில் போய் நிற்கிறது. "குயின் ஜோடி வைத்திருந்தார்" என்ற அளவில் நினைவு நின்றுவிடும். ஆனால் எந்த இடத்திலிருந்து உள்ளே வந்தார், ஃப்ளாப்பில் பாட்டின் எத்தனை பங்கு பெட் (பந்தயம்) வைத்தார், டர்னில் ஏன் செக் செய்தார் (பணம் வைக்காமல் முறையை விட்டார்), ரிவரில் யோசித்தாரா உடனே தள்ளினாரா, அவர் முன்னால் எவ்வளவு ஸ்டாக் (சிப்ஸ் குவியல்) இருந்தது என்பவை சேரும்போதுதான் அந்தக் குயின் ஜோடி ஒரு செய்தியாகிறது.

இதற்கு எளிய பயிற்சி உண்டு. சீட்டு திரும்பிய அடுத்த நொடியில் அந்த ஹேண்டை ரிவரிலிருந்து பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள்: ரிவர், டர்ன், ஃப்ளாப், அதற்கு முன். டீலர் அடுத்த ஹேண்டுக்குச் சீட்டைக் கலைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். பிறகு எழுதும்போது குறிப்பு இப்படி இருக்க வேண்டும்: "இருக்கை 3. முதல் இடம், லிம்ப், ரெய்ஸுக்குக் கால். ஜாக்-4 ஹார்ட்ஸ். ஃப்ளாப், டர்ன் இரண்டிலும் செக்-கால். ரிவரில் ஃப்ளஷ் விழுந்ததும் தானே பாட் அளவு பெட். ஸ்டாக் 100 பிளைண்ட்." (ஃப்ளஷ் என்றால் ஒரே சூட்டில் ஐந்து சீட்டு; பிளைண்ட் என்றால் சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்க வேண்டிய கட்டாயத் தொகை.) இந்தக் குறிப்பில் ஒரு பெயரடைகூட இல்லை. ஆனால் அடுத்த முறை மூன்றாவது ஹார்ட் விழுந்து, அதுவரை செக் செய்தவர் திடீரென்று பெரிய பெட் வைத்தால், என்ன செய்ய வேண்டும் என்று இந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

ஷோடவுனை நம்பும்போது ஒரு எச்சரிக்கை. நமக்குக் காட்டப்படும் சீட்டு, பெரும்பாலும் கடைசி வரை இரண்டு பேராவது நின்ற ஹேண்டின் சீட்டுதான். வெற்றி பெற்ற ப்ளஃப் பெரும்பாலும் திரும்பாது. எதிரில் இருப்பவர் ஃபோல்ட் செய்ததும் அது டீலரிடம் கவிழ்ந்தே போய்விடும். ஆகவே திறமையாக ப்ளஃப் செய்கிறவரைப் பற்றி நம் குறிப்பேட்டில் "எப்போதும் நல்ல சீட்டோடுதான் வருவார்" என்று எழுதியிருக்கும் ஆபத்து உண்டு. தோற்ற சீட்டையும் பலர் காட்டாமல் தள்ளிவிடுவார்கள். ஷோடவுனுக்கு வராத பாட் யாரிடம் அதிகம் போகிறது என்பதையும் கூடவே கவனித்தால் இந்தக் குறை ஓரளவு தீரும். அதற்காக ஒவ்வொரு முறையும் "சீட்டைக் காட்டுங்கள்" என்று டீலரிடம் கேட்கக் கூடாது. அது டேபிளைப் பகைத்துக்கொள்ளும் வழி.

முகத்தை வாசிக்கப் புறப்படுவது

சினிமா பழக்கிய ஆசை இது. கண் துடிப்பு, எச்சில் விழுங்குவது, உதட்டோரச் சிரிப்பு. ஆனால் டேபிளில் மனிதர்கள் அதிகக் கவனத்தோடு மறைப்பது முகத்தைத்தான். மைக்கேல் ஸ்லெபியன், நளினி அம்பாடி உள்ளிட்ட உளவியலாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. 2009 வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் போட்டியின் ஒளிபரப்பிலிருந்து, ஆட்டக்காரர்கள் பெட் வைக்கும் துண்டுகளை எடுத்து மாணவர்களுக்குக் காட்டினார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களின் ஊகம், குருட்டாம்போக்கில் சொல்வதைவிடவும் மோசமாக இருந்தது. சிப்ஸைத் தள்ளும் கையின் அசைவை மட்டும் பார்த்தவர்கள், சீட்டின் தரத்தை ஓரளவு சரியாகச் சொன்னார்கள். தயக்கமில்லாமல் சீராக நகரும் கை நல்ல சீட்டோடு சேர்ந்து வந்தது. அந்த வித்தியாசம் பெரிய அளவு அல்ல; அதை மட்டும் நம்பிப் பெரிய பாட்டை முடிவு செய்யக் கூடாது. எங்கே பார்ப்பது என்று கேட்டால் கை, பெட் வைக்க எடுத்துக்கொள்ளும் நேரம், பெட்டின் அளவு என்ற மூன்றையும் சொல்வேன். இவற்றில் பெட்டின் அளவுதான் மிகவும் நம்பத்தக்கது, ஏனென்றால் அதை எண்ணிவிட முடியும்.

எந்த அசைவுக்கும் முதலில் அந்த ஆளின் சாதாரண நிலை தெரிய வேண்டும். எப்போதும் விரல் நடுங்குகிறவருக்கு நடுக்கம் ஒரு செய்தி அல்ல. ஒரு மணி நேரமாகப் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே இருந்தவர் ஒரு ஹேண்டில் சட்டென்று வாய் மூடினால், அது செய்தி.

நேரத்தையும் நிலைமையையும் விட்டுவிடுவது

மாலை ஏழு மணிக்குப் பார்த்த மனிதர், நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு அதே இருக்கையில் இருந்தாலும் அதே ஆட்டம் ஆடுவார் என்று எண்ண வேண்டாம். இடையில் குடித்திருக்கலாம், இரண்டு முறை ரீபை செய்திருக்கலாம் (பணம் தீர்ந்து மறுபடி சிப்ஸ் வாங்கியிருக்கலாம்), பெரிய பாட்டை ரிவரில் இழந்திருக்கலாம். குறிப்பின் ஓரத்தில் நேரத்தையும், அவர் ஜெயித்துக்கொண்டிருந்தாரா தோற்றுக்கொண்டிருந்தாரா என்பதையும் இரண்டு எழுத்தில் போட்டுவிடுங்கள். தோல்வியில் இருக்கும்போது காட்டிய துணிச்சலை அவருடைய இயல்பு என்று அடுத்த மாதமும் நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறைய இழக்கிறார்கள். இருக்கை எண்ணை மட்டும் எழுதுவதும் போதாது. இடம் காலியானால் ஆட்கள் இருக்கை மாறுவார்கள்.

டேபிளிலேயே எழுதுவது

ஹேண்டில் இருக்கும்போது போனைத் தொடப் பல அறைகளில் அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும், ஒருவர் சீட்டைக் காட்டிய மறுகணம் நீங்கள் எழுதத் தொடங்கினால் அவர் உஷாராகிவிடுவார். எழுதிய குறிப்பு அப்போதே காலாவதி. இடைவேளையில் எழுந்து போய் எழுதுங்கள், அதுவரை மூன்று ஹேண்டை மனத்தில் வைத்திருந்தால் போதும். யாருடைய படத்தையும் எடுக்கவோ, தொழில், ஊர் என்று சொந்த விவரங்களைச் சேர்க்கவோ வேண்டாம். ஆட்டத்துக்கு அது தேவையில்லை, அவருடைய மரியாதைக்கும் நல்லதில்லை.

உங்களையும் பார்க்கிறார்கள் என்பதை மறப்பது

ஒருவர் எல்லோரிடமும் எப்படி ஆடுகிறார் என்பது ஒன்று. உங்களிடம் எப்படி ஆடுகிறார் என்பது வேறு. நீங்கள் ஒன்றரை மணி நேரம் ஃபோல்ட் செய்துகொண்டே இருந்திருந்தால், உங்கள் ரெய்ஸுக்கு அவர் விட்டுக்கொடுப்பது அவருடைய கோழைத்தனம் அல்ல. உங்களைப் பற்றி அவர் எடுத்துவைத்த குறிப்பு. உங்கள் ப்ளஃப் ஒன்று பிடிபட்டு டேபிள் முழுக்கப் பார்த்திருந்தால், அன்றைக்கு அதன் பிறகு வரும் கால் எல்லாமே அந்த ஹேண்டின் விளைவாக இருக்கலாம். ஆகவே பெரிய ஹேண்டைக் குறிக்கும்போது, அதற்குச் சற்று முன் நீங்கள் என்ன காட்டியிருந்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

கடைசியாக, குறிப்பைச் சோதிப்பது. ஷோடவுனுக்குப் போகும் ஹேண்ட் ஒவ்வொன்றிலும், நீங்கள் அதில் இல்லாவிட்டாலும், சீட்டு திரும்பும் முன் மனத்துக்குள் ஒரு ஊகம் சொல்லுங்கள்: ஒரு ஜோடியா, டிராவா (இன்னொரு சீட்டு வந்தால் நல்ல கையாகும் என்று காத்திருந்ததா), வெறுங்கையா. அதிகமாகத் தவறிப்போனால் அந்த ஆளைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டு, அன்றே புதிதாகத் தொடங்குங்கள்.