பத்மினியைப் பக்கவாட்டில் சாய்க்க ஒரு ரோலர்

பிரீமியர் பத்மினி காருக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் சேஸிஸ். தரைத்தகடு, சில் பேனல் (கதவுக்குக் கீழே ஓடும் தகடு), பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம் என்று துரு பிடிப்பதெல்லாம் அடியில். மல்லாந்து படுத்து வெல்டிங் வைத்தால் பொறி முகத்தில் கொட்டும், வெல்டும் ஒழுங்காக விழாது. வண்டியை ஒருக்களித்துச் சாய்த்துவிட்டால் அடிப்பாகம் சுவர் மாதிரி எதிரே நிற்கும்.

செய்யப்போவது இரண்டு வளைகால்கள். ஒரே பக்கத்து முன், பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அந்த ஹப்களில் (சக்கரம் போல்ட் ஆகும் நடுப்பகுதி) மாட்டுவது. ஒவ்வொன்றும் தரையில் தொடங்கி வெளிப்பக்கம் வளைந்து, பாடிக்கு அருகே செங்குத்தாக ஏறும்.

இதில் உயிர்நாடி வளைவின் ஆரம்தான். பத்மினியின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி சுமார் 1200 மி.மீ. எடைமையம் தரையிலிருந்து 550 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். வளைவுக்கு 400 மி.மீ. ஆரம் கொடுத்தால் வண்டி 76 டிகிரி சாய்ந்த பிறகே தானாக மறுபக்கம் போகும்; அங்கிருந்து எடைமையம் இறங்குவது 2 செ.மீ.கூட இல்லை. வெல்டிங் சுலபம் என்று அதே இடத்தில் வளைவில்லாத சதுர மூலை வைப்பவர்கள் உண்டு. அப்போது 61 டிகிரியிலேயே கைமீறி, எடைமையம் 14 செ.மீ. கீழே வந்து மோதும். அரை டன் அப்படி விழுந்தால் ஹப்பும் தாங்காது, தரையும் தாங்காது. அதற்காக ஆரத்தை 550-க்கு மேல் கொண்டுபோனால் வண்டி படுக்கவே படுக்காது, திரும்ப உருண்டு வந்துவிடும்.

வளைகாலுக்கு 2 இஞ்ச் சி கிளாஸ் (கனமான) பைப், ஒரு முழு நீளம் (6 மீட்டர்) போதும். காருக்கு அடியில் 150 மி.மீ. நேர்ப்பகுதி, பிறகு 400 ஆரத்தில் கால் வட்டம் (சுமார் 630 மி.மீ.), அதன்மேல் 1000 மி.மீ. நேர்க்கால். கையால் வளைத்தால் பைப் நசுங்கும். ரோலர் பெண்டிங் பட்டறையில் கொடுங்கள். இணைப்புகளுக்கு ஒன்றரை இஞ்ச் பைப் மூன்று நீளம். 1000 மி.மீ. காலைக் குறைக்க வேண்டாம். குட்டையான கால் வைத்தால் படுத்த வண்டி கூரைப் பக்கம் புரளப் பார்க்கும்.

ஹப் தட்டுக்குப் புதிதாகத் துளை போடாதீர்கள். காயலான் கடையில் அதே வண்டியின் பழைய ரிம் இரண்டு வாங்கி நடுத்தட்டை மட்டும் வெட்டி எடுங்கள். வீல் போல்ட்டின் கூம்பு உட்காரும் குழி அதில் ஏற்கெனவே இருக்கிறது. தட்டையான பிளேட்டில் கூம்பு சரியாக உட்காராமல், இறுக்கியது ஒரே சாய்ப்பில் தளர்ந்துவிடும். தட்டுக்குப் பின்னால் 10 மி.மீ. பிளேட் வைத்து வெல்ட் செய்து, அங்கிருந்து ஒரு முட்டு கீழே வளைவுக்கும் இன்னொன்று வெளியே நேர்க்காலுக்கும் போகட்டும்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, தரையிலிருந்து ஹப் மையத்தின் உயரத்தை முன்னும் பின்னும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இராது. இரண்டு வளைவும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்து, வித்தியாசத்தை முட்டில் சரிசெய்யுங்கள். வண்டியில் வைத்துப் புள்ளி வெல்ட் மட்டும். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப் வளைகாலிலேயே இருக்கட்டும். பாடியில் மாட்டினால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போய் அதில் குழி விழும். முழு வெல்டிங்கைக் கழற்றி வைத்துச் செய்யலாம்.

ஹப் சுழலும் பொருள் என்பதை மறக்கக் கூடாது. 2340 மி.மீ. வீல்பேஸ் நீளத்துக்கு மூன்று குறுக்குப் பைப்புகளும் (ஹப் உயரம், கால் நடு, கால் உச்சி) ஒரு மூலைவிட்டமும் போல்ட் போட்டால்தான் வளைகால்கள் திரும்பாமல் நிற்கும். வளைவின் வெளிமுகத்தில் எதுவும் துருத்தக் கூடாது.

சாய்ப்பதற்கு முன் பெட்ரோல் டேங்க், பேட்டரி, கதவு, கண்ணாடி எல்லாம் வெளியே வர வேண்டும். என்ஜினும் கியர்பாக்ஸும் இறங்கிவிட்டால் இன்னும் நல்லது. முழு வண்டி 895 கிலோ. இதெல்லாம் இறக்கியபின் இழுக்கும் வேலை குறையும். டிஃபரன்ஷியல் ஆயிலையும் பிரேக் ஆயிலையும் வடித்துவிடுங்கள். சில் பேனல் அரித்த வண்டி என்றால் கதவு வாய்களில் குறுக்காகக் கம்பி வெல்ட் செய்த பிறகே நகர்த்தலாம். இல்லையென்றால் பாடி முறுக்கிக்கொண்டு, வேலை முடிந்தபின் கதவு பொருந்தாது. எந்தப் பக்கம் சாய்ப்பது என்றால், துரு குறைவான பக்கம்.

சஸ்பென்ஷனைப் பூட்டுவது பலர் விடும் வேலை. சாய்ந்த நிலையில் ஸ்பிரிங் விரிந்து பாடியை ஒரு பக்கம் தள்ளும். முன்னால் ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி அதே நீளத்துக்குக் கெட்டிக் கம்பி மாட்டுங்கள். பின்னால் ஆக்ஸிலுக்கும் பாடிக்கும் நடுவே மரக்கட்டை வைத்துச் சங்கிலியால் இறுக்குங்கள். ஸ்டீயரிங் ராடையும் கட்டிவிட வேண்டும்.

ஒன்றரை டன் லீவர் செயின் பிளாக் (கைப்பிடியால் சங்கிலியை இழுக்கும் கருவி) இரண்டு வேண்டும். ஒன்று சாயும் பக்கம், சக்கரக் கோட்டிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளித் தரையில் பதித்த ஐ போல்ட்டிலிருந்து (வளையத் தலை போல்ட்) உச்சிக் குறுக்குப் பைப்புக்கு. 600 கிலோ பாடிக்குத் தொடக்க இழுவை 250 கிலோ வரை வரும்; போகப்போகக் குறையும். மற்றது எதிர்ப்பக்க ஆக்ஸிலிலிருந்து சாய்ப்புக்கு எதிர்த்திசையில், அதைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். 76 டிகிரிக்கு அப்பால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது இதுதான். முதல் தடவை போனில் டிகிரி பார்த்துக்கொண்டே போங்கள். 76 டிகிரிக்கு வெகு முன்பே இழுவை லேசானால் எடைமையம் நினைத்ததைவிட உயரம் என்று அர்த்தம். எதிர்ப்பக்கச் சங்கிலியை இறுக்கமாகவே வைத்திருங்கள்.

தொடக்கத்தில் வளைவு உருளாமல் வழுக்கும். சிமெண்ட் தரையில் இரும்பு பிடிக்காது. பழைய டயர் பட்டையை வளைவின் கீழ் விரித்து, எதிர்ப்பக்கத்தை டிராலி ஜாக்கியால் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் கிளம்பும். முழுச் சாய்வில் வண்டி 63 செ.மீ. நகர்ந்திருக்கும். இடத்தை அதற்கேற்ப விடுங்கள். கூரைப் பக்கம் ஆள் நிற்கக் கூடாது.

படுத்ததும் எடைமையம் வளைவின் முனையைத் தாண்டி 15 செ.மீ.தான் உள்ளே இருக்கும். சுத்தியல் அடியில்கூட அது திரும்பக் கிளம்பலாம். வளைவுக்கும் தரைக்கும் நடுவே ஆப்புக்கட்டை அடித்து, இரு சங்கிலிகளையும் இறுக்கிய பிறகே கிரைண்டரை எடுங்கள். இறக்கி முடித்ததும் அந்தப் பக்கத்து வீல் பேரிங் இரண்டையும் ஆட்டிப் பார்த்து, லூஸ் இருந்தால் சரிசெய்து புது கிரீஸ் வையுங்கள்.