எல்லாமே ‘மெல்ல நிறுத்து’ அல்ல

காரைக்குடி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நோட்டுகளில் வைண்ட் டவுன், ஃபேஸ் அவுட், டேப்பர் ஆஃப், பேக் அவுட் எல்லாவற்றுக்கும் எதிரே ‘மெல்ல நிறுத்து’ என்றே எழுதியிருக்கும். ஸ்பெல்லிங்கைத் திருத்த ஆள் உண்டு. இதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

வைண்ட் அப், வைண்ட் டவுன்

காசைக் கரைக்கும் தவறு இது. ஐப்பசி மழையில் ஆத்தங்குடித் தரைக் கல் சரியாகக் காயாது, பட்டறையில் வேலை குறையும். அதை சிங்கப்பூர் வாடிக்கையாளருக்குச் சொல்ல, ‘வி ஆர் வைண்டிங் அப் ப்ரொடக்‌ஷன்’ என்று மெயில் போகிறது. படிப்பவருக்குப் பட்டறையையே மூடுவதாகத்தான் புரியும். கம்பெனிச் சட்டத்தில் வைண்டிங் அப் என்றால் சொத்தை விற்று, கடனை அடைத்து, கம்பெனியைக் கலைப்பது. அவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் அவர்மேல் குற்றமில்லை.

‘சீக்கிரம் வைண்ட் அப் பண்ணிட்டு வாங்க’ என்று தினமும் பேசிப் பழகியதால் வரும் வினை. மீட்டிங்கை வைண்ட் அப் செய்யுங்கள், தப்பில்லை. தொழிலோடு ஒட்டினால்தான் விபரீதம்.

சரி, வைண்ட் டவுன் போடலாமா? அதுவும் இங்கே ஆகாது. படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் நிறுத்தப்போகிறோம் என்ற தொனி அதில் உண்டு. தை பிறந்ததும் பழையபடி ஓடும் பட்டறைக்கு ஸ்கேல் பேக்தான் சரி: ‘வி ஆர் ஸ்கேலிங் பேக் ப்ரொடக்‌ஷன் டில் ஜனவரி.’ அந்த ‘டில் ஜனவரி’யை விட்டுவிடாதீர்கள், வாடிக்கையாளர் தேடுவதே அதைத்தான்.

உச்சரிப்பு வைண்ட், விண்ட் என்றால் காற்று. இறந்தகாலம் வவுண்ட்.

ஃபேஸ் அவுட்

கட்டம் கட்டமாக நடந்தால் மட்டும். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனது ஃபேஸ் அவுட் இல்லை. 2000 ரூபாய் நோட்டுதான் கட்டம் கட்டமாகப் போனது: முதலில் அச்சடிப்பு நின்றது, 2023 மே 19 அன்று திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது, மாற்றிக்கொள்ள அவகாசமும் கிடைத்தது.

‘இட்’ நடுவில் வரும்: ஃபேஸ் இட் அவுட்.

பேக் அவுட்

கொடுத்த வாக்கை மீறுவது. இதில் ‘மெல்ல’ கிடையாது. பொறுப்பிலிருந்து ஒதுங்குவதற்கு இதைப் போடாதீர்கள். கடையை மகனிடம் விட்டுவிட்டு அவ்வப்போது வந்து கணக்குப் பார்க்கும் அப்பச்சி ஸ்டெப் பேக் செய்திருக்கிறார். அறங்காவலர் பதவியையே துறந்தால் ஸ்டெப் டவுன்.

டேப்பர் ஆஃப்

மழை, கூட்டம், வலி. தானாகத் தணிபவை.

பீட்டர் அவுட்

உருப்படாமல் ஓய்ந்துபோன முயற்சிக்கு மட்டும். நன்றாக முடிந்த வேலைக்குப் போடாதீர்கள்.