எண்களைத் தொலைக்கும் வழிகள்

கடைக்குப் புதிதாக வந்த பையன் போன வாரம் ஒரு வாடிக்கையாளரின் தொடர்பு எண்களைக் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு, அந்தக் கோப்பைத் திருத்துவதற்காக இரண்டு தட்டுத் தட்டித் திறந்தான். எனக்கு வயிற்றில் புளி கரைந்தது. "மூடு! சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்!" என்று நான் போட்ட சத்தத்தில் டீ கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் தட்டித் திறந்தேன்.

கடவுச்சொல்லை மறக்காதீர்கள், திரைக்குப் பூட்டுப் போடுங்கள் என்பதெல்லாம் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எக்செலில் திறந்து சுத்தம் செய்வது

அன்றைய வாடிக்கையாளர் ஒரு கல்யாணச் சமையல் காண்டிராக்டர். ஆடி முதல் தேதி அன்று வந்தார். "ஒரே ஆள் மூன்று பெயரில் இருக்கிறார் தம்பி, கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக் கொடுங்கள்" என்றார். கூகுள் கணக்கிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் பெயர்களை சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இறக்கினேன். எக்செலில் திறந்து பெயர்களை எல்லாம் அழகாகத் திருத்திச் சேமித்தேன். இரட்டிப்பு வரக்கூடாது என்று கணக்கில் இருந்த பழைய பட்டியலை மொத்தமாக அழித்தேன். புதியதை ஏற்றினேன். கடைசியாக, ஒன்றுபோல் இருப்பவர்களை ஒன்றாகச் சேர்க்கும் பொத்தானையும் அழுத்தினேன். வேலை முடிந்த திருப்தியில் காசும் வாங்கிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். +91 என்று தொடங்கி இடைவெளி இல்லாமல் எழுதிய எண்ணை எக்செல் போன் நம்பராகப் பார்ப்பதில்லை, கணக்குப் போடும் எண்ணாகப் பார்க்கிறது. முன்னால் உள்ள கூட்டல் குறியைக் கழற்றிவிடும். மீதியுள்ள பன்னிரண்டு இலக்கத்தை 9.1984E+11 என்று சுருக்கிக் காட்டும். சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் திரையில் காட்டிய அந்தச் சுருக்கம்தான் கோப்பில் ஏறும். முதல் ஆறு இலக்கம் மிஞ்சும், கடைசி ஆறு போய்விடும். அதாவது 9840 என்று தொடங்கும் பலருக்கும் ஒரே எண். எண் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று என்று சேர்க்கிற பொத்தானை வேறு அழுத்தியிருந்தேனா, பால்காரரும் நாதஸ்வரக்காரரும் வாழையிலை மண்டிக்காரரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். கணக்கில் மாறுவதைப் போனிலும் மாற்றிவிடும் ஒத்திசைவு தன் பங்குக்குச் சில நிமிடங்களில் அதை அவருடைய போனுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எக்செல் தன் வழக்கப்படிதான் செய்தது. சேமித்த கோப்பை ஒரு முறைகூடத் திறந்து பார்க்காதவன் நான்தான்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. அவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். வந்த அழைப்புகளில் பெயர் தெரியாததைப் போனின் கோளாறு என்று நினைத்துக்கொண்டார். ஆவணி மூன்றாம் தேதி கடைக்கு வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும். கூகுள் கணக்கில் அழித்த பெயர்கள் முப்பது நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். முழுப் பட்டியலையும் முப்பது நாளுக்குள் இருந்த ஒரு நிலைக்குத் திருப்புகிற வசதியும் உண்டு. ஆடி மாதமோ முப்பது நாளில் முடிவதில்லை.

அவர் மனைவி வைத்திருந்த பழைய கணக்கு நோட்டுதான் காப்பாற்றியது. எண்ணெய்க் கறை படிந்த தாள்கள், பென்சிலில் எழுதிய எண்கள், சிலவற்றில் 3ஆ 8ஆ என்று சண்டை. இரண்டு இரவு உட்கார்ந்து தட்டினேன். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். நோட்டில் இல்லாதவர்கள் போனவர்கள்தான்.

ஆகவே: திருத்துவதைக் கூகுள் தொடர்புகளிலேயே திருத்துங்கள். எக்செல்தான் வேண்டுமென்றால் கோப்பைத் தட்டித் திறக்காமல், வெற்றுத் தாளைத் திறந்து 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே எடுத்து, எண் உள்ள பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். அங்கேயே யு.டி.எஃப்-8 (தமிழையும் ஏற்கும் எழுத்து முறை) என்று தேர்ந்தெடுத்து, சேமிக்கும்போதும் அதையே தேர்ந்தெடுத்தால் தமிழ்ப் பெயர்களும் சிதையாது. எல்லாவற்றுக்கும் முன்னால், கை வைக்காத ஒரு வி.சி.எஃப். (போன்கள் நேரடியாகப் படிக்கும் தொடர்புக் கோப்பு) நகலைப் பென் டிரைவில் போடுங்கள்.

=E0=AE என்று வருவது

பழைய வி.சி.எஃப். வடிவில் தமிழ் எழுத்து அப்படித்தான் இருக்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

எண் எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்காமல் இருப்பது

சிம், போன், கணக்கு என்று மூன்று இடம். கணக்கில் இருப்பது மட்டும்தான் கம்ப்யூட்டருக்கு வரும். ஒரு முறை 'போன்' என்று தொட்டுவிட்டால் அடுத்து வருவதெல்லாம் அங்கேயே போய்ச் சேரும். போன் தண்ணீரில் விழுகிற அன்றைக்குத்தான் அது தெரியவரும்.

ஏ.டி.எம். மாமா

பின் நம்பரை ஒரு பொய் எண்ணுக்குள் ஒளித்து 'ஏ.டி.எம். மாமா', 'பேங்க் சித்தப்பா' என்று சேமிப்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். பெருமையாகவும் சொல்கிறார்கள். தொடர்புகளைப் பார்க்கலாம் என்று நீங்கள் அனுமதி கொடுத்த ஒவ்வொரு செயலியும் இந்த மாமாவைப் பார்க்கிறது. டார்ச் செயலிக்கு உங்கள் உறவினர்கள் எதற்கு?

காலண்டரில் நள்ளிரவு 12

பிறந்தநாளை 'நாள் முழுவதும்' என்று குறிக்காமல் இரவு 12 மணி என்று போட்டால், லண்டனில் இருக்கும் மகளின் போனில் அது முதல் நாள் மாலையில் வந்து நிற்கும்.

காலண்டரின் ரகசிய முகவரி

உங்கள் காலண்டரை வேறு செயலியில் காட்டுவதற்காகக் கூகுள் காலண்டர் தரும் இணைய முகவரி அது. வெறும் இணைப்பு அல்ல, சாவி. கையில் கிடைத்தவர் கடவுச்சொல் இல்லாமலே உங்கள் நாள் முழுவதையும் படிக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டீர்களா? அமைப்புகளுக்குள் போய் இன்றே புதிய முகவரிக்கு மாற்றுங்கள்.

பழைய போனைக் கொடுக்கும்போது பெயர்களை அழிப்பது

அழிக்காதீர்கள். கணக்கை நீக்கிவிட்டு, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். கணக்கு உள்ளே இருக்கும்போது அழித்தால் புதிய போனிலும் போகும். அந்தப் போனில் நெட் இல்லையே என்று தைரியமாக இருந்தார் ஒருவர். வாங்கிக்கொண்டுபோன மருமகன் மூன்று வாரம் கழித்து வைஃபையைப் போட்டான்.