வடை எண்ணெயில் வண்டி ஓட்ட அனுமதி கேட்டு மனு எழுதுவது எப்படி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் டீசல் பிக்கப் மாதம் 240 லிட்டர் குடிக்கும். செம்பனைக் குலை ஏற்றவும் உரம் இறக்கவும் அது ஒன்றுதான். 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35-க்கு ஏறியது. அப்போது அரசாங்கம் டீசல் உதவியாக மாதம் தந்த 200 வெள்ளி, அன்றைய விலை உயர்வில் 166 லிட்டருக்குத்தான் ஈடு. மீதி என் கையைக் கடித்தது.

பக்கத்துக் கடை அண்ணன் வடை சுட்ட பாமாயிலை டின் டின்னாக விற்கிறார். மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் அது பயோடீசல். ஆனால் 2007-ஆம் ஆண்டு உயிரி எரிபொருள் தொழில் சட்டப்படி, தயாரிக்க உரிமம் வேண்டும். ஆகவே நான் காய்ச்சவில்லை, மனு எழுதினேன்.

முதல் மனுவில் "இந்தச் சட்டத்தையே நீக்குங்கள்" என்று வீராப்பாக எழுதினேன். பதிலே இல்லை. நீங்கள் அப்படி எழுதாதீர்கள். ஒரே ஒரு தளர்வைக் கேளுங்கள்: விற்பனைக்கு அல்ல, சொந்த வண்டிக்கு, மாதம் இத்தனை லிட்டர் வரை, உரிமத்துக்குப் பதில் எளிய பதிவு. என் மனுவில் 100 லிட்டர் என்று போட்டேன். எண் சிறியதாக இருந்தால் படிப்பவருக்குப் பயம் குறையும்.

அடுத்து, பாமாயில் எரிபொருள் புதிதல்ல என்று காட்டுங்கள். 2019-லேயே போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு கலப்பு வந்துவிட்டது. நாம் அப்போதே அதில் ஓடத் தொடங்கிவிட்டோம், பெயர்தான் பி10.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று போதும். அமெரிக்காவில் 2011-இல் மாற்று எரிபொருளுக்கு வண்டியை மாற்றும் விதிகளை வண்டியின் வயதைப் பார்த்து மூன்றாகப் பிரித்தார்கள். பழைய வண்டிக்கு நிபந்தனை குறைவு. என் பிக்கப்புக்கு வயது 22, அதனால் இந்த இடத்தை நான் கொஞ்சம் உருக்கமாகவே எழுதினேன்.

ஆபத்தை மறைக்காதீர்கள், இதுதான் முக்கியம். மெத்தனால் விஷம், எளிதில் தீப்பிடிக்கும். சரியாகக் கழுவாத பயோடீசல் எஞ்சினைக் கெடுக்கும். பழைய வண்டிகளில் ரப்பர் குழாய் ஊறிப்போகும். தொட்டியில் படிந்த அழுக்கெல்லாம் கரைந்து வந்து முதல் ஃபில்டரை அடைத்துவிடும். குளிரில் பாமாயில் டீசல் உறையத் தொடங்கும், கேமரன் மலைக்கு ஏறுகிறவர்கள் கவனிக்க வேண்டும். இதையெல்லாம் நாமே எழுதி, "தயாரிக்கும் இடம் வீட்டிலிருந்து தள்ளி இருக்கும், தீயணைப்புப் புட்டி இருக்கும், மாதிரி பரிசோதனைக்குத் தருவோம்" என்று சொன்னால், அதிகாரி கேட்கப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே பதில் ஆகிவிடும்.

மலாயில் எழுதுங்கள், இரண்டு பக்கம் தாண்டவேண்டாம். மூன்று மாத டீசல் ரசீதுகளை இணையுங்கள். தோட்டத்தொழில் மூலப்பொருள் அமைச்சுக்கு ஒன்று, நம் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு ஒன்று. பத்து சிறுதோட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் நல்லது. அவர்களில் யாராவது "நான் போன வருஷமே ஊற்றிப் பார்த்துட்டேன்" என்று ஓரத்தில் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆள் ஒருவர் எழுதிவிட்டார், பக்கத்தை மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று.

கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியோடு சாப் (முத்திரை) அடித்து வாங்குங்கள். என் முதல் மனுவுக்கு வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது, அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்றார்கள்.