பஸ் ஊருக்கு வெளியே நின்றுவிடும்: இத்தாலி க்ரூப் டூர் போகிறவர்களுக்கு

ரோம், சியெனா, ஃப்ளோரன்ஸ், பீசா, வெனிஸ் என்று ஒரு வாரம் பத்து நாளில் பஸ்ஸிலேயே சுற்றிக் காட்டும் க்ரூப் டூருக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பழைய ஊர்களுக்குள் உங்கள் பஸ் போகாது. ரோமின் மையப் பகுதியில் 2019 முதல் டூர் பஸ்களுக்குத் தடை. சியெனாவில் மதிலுக்கு வெளியே இறக்கிவிடுவார்கள், ஊர் மேலே குன்றின்மீது இருக்கும். பீசாவில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து சாய்ந்த கோபுரத்துக்கு கால் மணி நேரமாவது நடக்க வேண்டும். வெனிஸில் ட்ரோன்கெத்தோ என்ற தீவோடு ரோடே முடிந்துவிடும், அப்புறம் படகுதான். பஸ் டூர்தானே, உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம் என்று நினைத்துத்தான் நான் முட்டிவலி உள்ள அம்மாவைக் கூட்டிப்போனேன், இரண்டாவது நாள் மாலை போனில் பார்த்தால் 15,000 ஸ்டெப்ஸ். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். முன்பே தெரிந்திருந்தால் அந்த வலியைக் கொஞ்சமாவது குறைத்திருக்கலாம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் நடங்கள், வழவழப்பான பூங்காப் பாதையில் மட்டும் நடந்தால் போதாது, படியும் மேடும் பள்ளமும் உள்ள தெருவிலும் நடங்கள். ரோமின் பழைய தெருக்களில் உள்ளங்கை அளவு கருங்கல் துண்டுகளைப் பதித்திருப்பார்கள், மழை பெய்தால் வழுக்கும், புது ஷூ போட்டால் அன்றைக்கே கொப்புளம் வந்துவிடும். பழகிய ஷூ, தடித்த அடிப்பாகம், இது போதும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள், நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கே ரோமன் ஃபோரம் என்ற நிழலில்லாத பழைய இடிபாடுகளுக்கு நடுவில் அது தாங்காது. ஏப்ரல், மே, இல்லாவிட்டால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நல்லது.

சரி, பணம் கட்டுவதற்கு முன் பயணத் திட்டத்தை வரிவரியாகப் படியுங்கள். எந்த இடத்துக்கு உள்ளே போகிறோம், எதை வெளியிலிருந்து மட்டும் பார்க்கிறோம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'டேவிட் சிலை' என்று போட்டிருப்பார்கள், ஆனால் மைக்கலாஞ்சலோ செதுக்கிய அசல் சிலை 1873-லேயே ஃப்ளோரன்ஸின் அக்கதேமியா அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டது, வெளியே சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நிற்பது 1910-ல் வைத்த நகல். டிக்கெட் இல்லாத டூரில் நீங்கள் பார்ப்பது நகலைத்தான். நகலும் அழகுதான், ஆனால் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும். கிழமையையும் பாருங்கள். அக்கதேமியாவுக்கும், அதே ஊரில் உள்ள உஃபிட்சி ஓவிய அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். திங்களன்று ஃப்ளோரன்ஸ் போகும்படி திட்டம் இருந்தால் அந்த நாளை மாற்ற முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஹோட்டல் விஷயத்தில் நான் பட்டது இது. திட்டத்தில் 'ஃப்ளோரன்ஸ் பகுதி' என்றுதான் இருந்தது, போய் இறங்கினால் மொன்டெகட்டினி தெர்மே, ஃப்ளோரன்ஸிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். அமைதியான ஊர், ஹோட்டலும் சுத்தம், ஆனால் மாலையில் ஆர்னோ நதிக்கரையில் உலாவலாம் என்ற ஆசை போய்விட்டது. வெனிஸ் என்றால் தீவுக்கு இந்தப் பக்கம் கரையில் உள்ள மெஸ்த்ரே, ரோம் என்றால் சுற்றுச்சாலைக்குப் பக்கத்தில் எங்கேயோ, இப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். ஹோட்டல் பெயரையும் முகவரியையும் கேட்டு வாங்கி மேப்பில் போட்டுப் பாருங்கள், பக்கத்தில் ரயில் நிலையமோ மெட்ரோவோ இருந்தால் மாலையில் நீங்களாகவே ஊருக்குள் போய் வந்துவிடலாம். டூர் பஸ்ஸை நம்பாதீர்கள், ஐரோப்பியச் சட்டப்படி டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும், இரவு ஓய்வும் கட்டாயம், அது மெஷினில் பதிவாகும். காலையில் நீங்கள் இருபது நிமிடம் தாமதமாக வந்தால் அந்த இருபது நிமிடம் கடைசி ஊரில்தான் குறையும். எங்கள் குழுவுக்கு சியெனாவில் அப்படித்தான் ஆனது, அந்த சிப்பி வடிவ காம்போ சதுக்கத்தில் உட்கார எங்களுக்குப் பத்தே நிமிடம் கிடைத்தது, இன்னும் மனசு ஆறவில்லை.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள், கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சிட்டிருக்கும், அதனால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள், இனிஷியலை விரித்து எழுதும் நமக்கு இதில்தான் குழப்பம் வரும்.

டூர் மேனேஜர் வேறு, கைடு வேறு. மேனேஜர் முழுப் பயணமும் கூடவே வருவார், நேரம், சாப்பாடு, அறை எல்லாம் அவர் பொறுப்பு. அருங்காட்சியகத்துக்குள் விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற உள்ளூர் கைடு வருவார். கைடின் குரல் காதில் மாட்டும் ரிசீவரில் கேட்கும், கரகரவென்று ஆரம்பித்தால் நீங்கள் குழுவை விட்டு விலகிவிட்டீர்கள் என்று அர்த்தம், உடனே தலையைத் தூக்கிப் பாருங்கள். வெனிஸில் 2024 முதல் ஒரு கைடுக்கு 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது. உங்கள் குழுவில் 45 பேர் என்றால் அங்கே இரண்டு கைடு ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பஸ்ஸில் டாய்லெட் இருந்தாலும் பெரும்பாலும் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். நெடுஞ்சாலைக் கடையில் நிறுத்தும்போது அவசரம் இல்லையென்றாலும் போய்விட்டு வாருங்கள். ஊருக்குள் ஏதாவது காபி பாரில் நின்றபடி ஒரு எஸ்பிரஸோ குடித்துவிட்டு அங்கேயே போகலாம். நின்று குடித்தால் விலை குறைவு, மேஜையில் உட்கார்ந்தால் கூடும், வெனிஸின் சான் மார்கோ சதுக்கத்தில் பல மடங்கு கூடும். முட்டிவலிக்காரருக்கு மட்டும் அந்தக் காசைப் பார்க்காதீர்கள், உட்கார வையுங்கள். தண்ணீருக்கு ரோமில் செலவே வேண்டாம், தெருவெங்கும் 'நசோனே' என்ற இரும்புக் குழாய் இருக்கிறது, பெரிய மூக்கு என்று அர்த்தம். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் வளைந்து வரும், குனியாமல் குடிக்கலாம், ஜில்லென்று நல்ல தண்ணீர்.

சைவம் என்றால் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லாமல் மீனும் வேண்டாம், இறைச்சி வேகவைத்த சாறும் வேண்டாம் என்று விளக்கிச் சொல்லுங்கள், காய்கறி சூப்பில்கூட அந்தச் சாறு இருக்கலாம். பார்மெசான் சீஸில் பாலைத் திரிய வைக்க, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள், கண்டிப்பாக இருப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். சீஸே இல்லாமல் தக்காளியும் பூண்டும் போட்ட மரினாரா பீட்சா எங்கேயும் கிடைக்கும்.

புனித பீட்டர் பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், சேலைக்கும் சுடிதாருக்கும் பிரச்சினையே இல்லை, அரைக்கால் சட்டை போட்ட பையன்களைத்தான் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

வெனிஸில் பாலங்கள் நானூறுக்கு மேல், பெரும்பாலானவற்றில் படிகள். ஏற முடியாதவர் இருந்தால் படகு இறக்கிவிடும் இடத்திலிருந்து சான் மார்கோ வரை எத்தனை பாலம் என்று கைடிடம் கேட்டு, அதன்பின் குழுவோடு போவதா, வழியில் ஒரு இடத்தில் உட்கார்ந்துகொள்வதா என்று முடிவு செய்யுங்கள். இறங்கியதும் அந்தப் படகுத்துறையின் பெயர்ப்பலகையை எல்லோரும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சந்துகளில் மேப் தடுமாறும், திரும்பும் படகு தனியார் படகு, நேரத்துக்குக் கிளம்பிவிடும். பலகையைக் காட்டினால் எந்தக் கடைக்காரரும் கையை நீட்டி வழி சொல்லிவிடுவார்.