அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்கப் போகிறீர்களா?

முதல் வேலை, அங்கீகாரம் பெற்ற ஏஜென்சியைப் பிடிப்பது. நேரடியாக ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்க் குழந்தை கேட்க முடியாது, எல்லாம் காரா (CARA, இந்திய அரசின் மத்திய தத்தெடுப்பு ஆணையம்) வழியாகத்தான். "எனக்குத் தெரிந்த இடம் இருக்கு" என்று யாராவது ஆரம்பித்தால் நழுவிவிடுங்கள்.

நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ஹேக் உடன்படிக்கைக்கான அமெரிக்க விதிப்படி பெற்றோருக்குக் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி கட்டாயம். ஆன்லைனில் ஓடவிட்டுச் சான்றிதழ் வாங்குவதில் பயனில்லை, கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து கேளுங்கள். குழந்தையின் மருத்துவ அறிக்கை வந்ததும், இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்துப் பழகிய குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம் வீடு. தனி அறை, பொம்மை, கட்டில் எல்லாம் சரி, ஆனால் பத்துப் பிள்ளைகளோடு ஒரே கூடத்தில் படுத்த குழந்தைக்கு இருட்டில் தனியாகக் கிடப்பது பயம்தான், அதனால் கொஞ்ச நாளைக்கு உங்கள் அறையிலேயே பாயைப் போடுங்கள். தலையணைக்கடியில் பிஸ்கட்டை ஒளித்து வைத்தால் திட்டாதீர்கள். எட்டும் உயரத்தில் ஒரு கிண்ணத்தில் எப்போதும் தின்பண்டம் இருக்கட்டும். ஒடிசாவிலிருந்து வரும் குழந்தைக்கு உங்கள் தமிழும் அந்நிய மொழிதான், தண்ணீர், பசி, வலி, பாத்ரூம் போன்றவற்றுக்கு ஒடியா வார்த்தைகளை முன்பே கற்றுவையுங்கள்.

தாத்தா பாட்டிக்கும் பயிற்சி தேவை (இதுதான் கஷ்டம்!). ஆரம்ப வாரங்களில் ஊட்டுவதும் தூக்குவதும் அப்பா அம்மா மட்டுமே. "பாவம், அநாதைக் குழந்தை" என்ற பேச்சு வீட்டுக்குள் வரவே கூடாது. தத்து எடுத்ததை மறைக்காமல் முதல் நாளிலிருந்தே சாதாரணமாகச் சொல்லிவாருங்கள்.

குழந்தை வந்த பிறகும், அது எப்படி இருக்கிறது என்று இரண்டு வருடத்துக்குக் காராவுக்கு அறிக்கை போகும்: முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.